இமை வீக்கம்: ஓரிரவும் காத்திருக்கலாகாது

தடிமன் பிடிக்காத குழந்தை எவ்வீட்டிலும் இல்லை. மல்லித் தண்ணீர், ஓய்வு என ஊர் வழக்கப்படியே பலெர்மோவில் வாழும் எமது குடும்பங்களும் அதனைக் கடந்து வருகின்றன. பெரும்பாலும் அதுவே போதுமானது. ஆயினும், தடிமனுற்ற குழந்தையின் கண்ணிமை சிவந்து வீங்குமாயின், அதனைப் பூச்சிக்கடியென எண்ணி விடியும்வரை காத்திருப்பது பார்வைக்கே உலை வைத்துவிடக்கூடும்.

மூக்கைச் சூழ்ந்துள்ள காற்றறைகளில் ஏற்படும் தொற்றையே பீனிசம் என்கிறோம். இரு கண்களுக்கும் இடையிலுள்ள அறைகள் பிறப்பிலேயே அமைந்தவை. அவற்றைக் கண்குழியிலிருந்து பிரிப்பது கடதாசி போன்ற மெல்லிய எலும்பு மாத்திரமே. ஆகையாற்றான் சிறு குழந்தைகளிடம் தொற்று கண்ணை நோக்கிப் பரவுகிறது. நெற்றியறை பின்னரே வளர்வதால், மூளையைத் தாக்கும் சிக்கல்கள் வளர்ந்த பிள்ளைகளிடமே அதிகம்.

1970ஆம் ஆண்டு சாண்ட்லர் எனும் மருத்துவரும் அவரது சகாக்களும் கண்ணின் பாதிப்புகளை ஐந்து படிகளாக வகுத்தனர். இமை வீக்கத்தில் தொடங்கி, கண்குழி அழற்சி, சீழ்க்கட்டு எனச் சென்று, மூளையடி நாளத்தில் குருதி உறைவதில் அது முடிகிறது. வெளித்தோற்றத்தில் முதலிரு படிகளும் ஒன்றுபோலவே தோன்றலாம். கண் பிதுங்குதல், அசைக்கும்போது வலித்தல், இரட்டையாகத் தெரிதல், பார்வை மங்குதல் ஆகியனவே ஆபத்தின் அறிகுறிகள். நெற்றி வீக்கம், கடுந்தலைவலி, ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கநிலை ஆகியன மூளை பாதிப்புற்றிருக்கலாம் என எச்சரிப்பவை.

சாதாரண பீனிசத்திற்குப் படப்பிடிப்பு தேவையில்லை. சிக்கல் ஏற்பட்டதாக ஐயமெழுந்தால், சாயமருந்து ஏற்றிய சீ.ரீ. ஸ்கானோ எம்.ஆர்.ஐ. பரிசோதனையோ அவசியம். கதிர்வீச்சுக்கு அஞ்சி அதனை மறுப்பது தகாது. வீட்டில் எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுப்பதும் தவறு. அது நோய்க்குறிகளை மறைத்துவிடக்கூடும்.

பெற்றோரே! தடிமன் பத்து நாள் கடந்தும் குறையாவிடினும், குறைந்து மீண்டும் கூடினாலும் உங்கள் பெதியாத்ராவிடம் செல்லுங்கள். இமை வீங்கினால் அன்றைக்கே தி கிறிஸ்தினா குழந்தைகள் வைத்தியசாலை போன்றதோர் அவசரப் பிரிவை நாடுங்கள். மயக்கமோ வலிப்போ கண்டால் 112ஐ அழையுங்கள்.

இளையோரே! தம்பி தங்கையருக்காக வைத்தியசாலையில் மொழிபெயர்ப்போர் பெரும்பாலும் நீங்களே. 'ஓக்கியோ கோன்ஃபியோ' என்றால் வீங்கிய கண். 'வேதே தோப்பியோ' என்றால் இரட்டையாகத் தெரிகிறது. இவற்றோடு, எப்போது தொடங்கியது, காய்ச்சல் எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தோம் என்பவற்றையும் இத்தாலிய மொழியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மொழி தெரியாமையால் எமது குழந்தை ஒன்றேனும் ஒளியிழக்க நாம் இடமளிக்கலாகாது.