கண்ணுக்குத் தெரியாத சங்கிலி

உத்தனப்பள்ளியை அடுத்த நாகமங்கலத்தில் உள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் 2024 செப்டம்பர் 28 அன்று தீ விபத்து நேரிட்டு உற்பத்தி நின்றபோது, ஐபோன் உதிரிபாக வழங்கல் என்னவாகுமோ என்ற கவலை உலகச் சந்தைவரை எட்டியது. ஆலையைப் பொறுத்தவரை, யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அரசு அலுவலக மேசையிலுள்ள கணினிக்குள்ளும் அத்தகைய சங்கிலி ஒன்று உண்டு. அதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

லினக்ஸ் வகை இயங்குதளங்களில் மென்பொருள்கள் தொகுப்புகளாக வழங்கப்படுகின்றன. ஒன்றை நிறுவினால், அது சார்ந்திருக்கும் தொகுப்புகளும், அவை சார்ந்திருப்பவையும் உடன் வந்து சேரும். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 பதிப்பில் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. கட்டாயத் தேவையானவை மட்டுமல்ல, 'பரிந்துரைக்கப்பட்டவை'யும் நாம் தடுக்காவிட்டால் தாமாகவே நிறுவப்பட்டுவிடும். சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு முடிவுக்கு வந்தபோது தமிழக அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்ததும் இதையே. ஆகவே இது நமக்கு அந்நியமான பிரச்னை அன்று.

இதன் ஆபத்தை உலகம் உணர்ந்தது 2024 மார்ச்சில். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளுக்குள், பராமரிப்பில் உதவுவதாகச் சொல்லி இரண்டாண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் கள்ளக்கதவு ஒன்றைப் பொருத்தியிருந்தார். அவரது இலக்கு, தொலைவிலிருந்து கணினிகளுக்குள் நுழைய உதவும் 'எஸ்எஸ்எச்' சேவை. அச்சேவைக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. 'நான் இயங்கத் தொடங்கிவிட்டேன்' என்று இயங்குதளத்துக்கு அறிவிக்கும் ஒரு சிறு வசதிக்காக, டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்கள் வேறொரு நூலகத்தை அதனுடன் இணைத்திருந்தன. அந்த நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்து வந்தது. உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்டால்தான், டெபியனின் நிலைப்பதிப்பை எட்டும் முன்பே சதி வெளிப்பட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொள்வதா? அது தீர்வாகாது. வேலைப் பிரிவினையின் பயனை ஆடம் ஸ்மித் விளக்கியது 1776-இல். நூறு மென்பொருள்கள் ஒரே நூலகத்தைப் பகிர்ந்தால், அதன் குறையை ஓரிடத்தில் திருத்தினால் போதும். நூறும் தனித்தனிப் பிரதி வைத்திருந்தால் நூறு இடங்களில் திருத்த வேண்டும்.

குறை, சார்ந்திருப்பதில் இல்லை. அதன் விலை கணக்கில் ஏறாததில்தான் இருக்கிறது. ஒரு தொகுப்பைக் கூடுதலாகச் சேர்ப்பவருக்கு அன்று எந்தச் செலவும் இல்லை. அதைப் புதுப்பிப்பது, கண்காணிப்பது, பழுதானால் சரிசெய்வது ஆகிய சுமைகள் பின்னால் வருபவர் தலையில் விழுகின்றன. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். உலகமே பயன்படுத்திய எக்ஸ்இசட்டை நெடுங்காலம் ஊதியமின்றிப் பராமரித்தவர் ஏறத்தாழ ஒரே ஒருவர். பொதுச்சொத்தை அனைவரும் நுகர்ந்து எவரும் பேணாவிட்டால் நேர்வது இதுதான்.

மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு, மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிடுவதற்கான வழிகாட்டுதல்களை 2024 அக்டோபரில் வெளியிட்டது. உணவுப் பொட்டலத்தின் மீது சேர்மானங்களை அச்சிடுவது போன்றதே இது. தமிழக அரசு மென்பொருள் கொள்முதல் ஒப்பந்தங்களில் இப்பட்டியலைக் கட்டாயமாக்க வேண்டும். அலுவலகக் கணினிகளில் பணிக்குத் தேவையானவை மட்டும் நிறுவப்பட வேண்டும்; எந்த மென்பொருளுக்கும் தேவைப்படாமல் தங்கிவிட்ட தொகுப்புகளைக் குறித்த காலந்தோறும் நீக்க வேண்டும். நாம் நம்பியிருக்கும் கட்டற்ற மென்பொருள்களைப் பேணுவோருக்கு, உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு சிறு பங்கையேனும் ஒதுக்க வேண்டும்.

ஒசூர்ப் பகுதி ஆலைகளில் எந்த உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதிவேடு உண்டு. பட்டா முதல் பிறப்புச் சான்றிதழ் வரை அனைத்தையும் கணினியிடம் ஒப்படைத்துவிட்ட அரசு அலுவலகங்களிலும் அப்படியொரு பதிவேடு இருந்தாக வேண்டும்.