செபமாலையும் வளரும்

கத்தோலிக்கரின் செபமாலையில் பல நூற்றாண்டுகளாக, தியானிக்க வேண்டிய இயேசு, மரியா வாழ்வு நிகழ்வுகளாக, 15 மறையுண்மைகளே இருந்தன. கோயிலில் கண்டுபிடிக்கப்பட்ட 12 வயதுச் சிறுவன் இயேசுவிடமிருந்து தியானம் நேரே கெத்சமனித் தோட்டத்து இரத்த வியர்வைக்குத் தாவும். யோர்தான் திருமுழுக்கு, கானாவூர்க் கல்யாணம், இறுதி இராவுணவு எதுவும் அதில் இல்லை. 2002 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைச் சேர்த்து அந்த இடைவெளியை நிரப்பினார். 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 முறை ‘அருள்நிறைந்த மரியே’ என்ற கணக்கு குலைந்ததே என்று வருந்துவோர் உண்டு. பாட்டி சொல்லித்தந்து மனத்தில் ஊறிய வடிவம்; அந்த வருத்தம் மதிக்கத்தக்கதே. ஆனால் ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தின் பிற்பாதியே 16ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய உருவில் நிலைபெற்றது. புதிய மறையுண்மைகளைத் திருத்தந்தை கட்டாயமாக்கவும் இல்லை; பழையபடி சொல்பவர் தாராளமாகச் சொல்லலாம். ஒளியின் மறையுண்மைகளுக்குரிய வியாழக்கிழமைகளில் கானாவூரைத் தியானிப்பவரை மரபை மீறியவர் என்று ஒதுக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.