பூட்டிய மாடி, சூடான ஆடி

நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் நலச்சங்கம் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. மொட்டை மாடிக் கதவு இரவு 8 மணிக்குத்தான் திறக்கும், 10 மணிக்குப் பூட்டப்படும். மாடியில் ஒயர் இழுக்கக் கூடாது. ஆளில்லாமல் எந்தப் பொருளையும் விட்டுவைக்கக் கூடாது. அடுக்ககத்தில் இருந்துகொண்டு வானம் பார்க்கும் யார் வாசலுக்கும் இது நாளை வரலாம். அதனால் நம் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறோம்.

ஒயர் விதியை ஏற்கிறோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றே, தொலைநோக்கியின் ஆடியை ஆறவைக்கும் 80 மி.மீ. ஃபேனை விடிய விடிய ஓட்டும். மூன்றாவது விதியும் சரி. தொலைநோக்கிக் குழாயோடு கூடவே உட்கார்ந்திருப்போம். முதல் விதியைத்தான் ஏற்க முடியாது.

விதி வந்தபின் ஓர் இரவு 8 மணிக்கு என் 8 அங்குல எஃப்/6 டாப்சோனியன் தொலைநோக்கியை மாடிக்குத் தூக்கிப்போனேன். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மேல்தள அறையில் இருந்த குழாய். அகச்சிவப்பு வெப்பமானியை ஆடியின் முதுகில் காட்டினேன். பூச்சுப் பக்கம் காட்டினால் அளவு பொய்யாகிவிடும். 36 டிகிரி. வெளியே 30. வியாழனின் விளிம்பு கொதிக்கிற பால்போல் தளும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து விலக்கினால், வட்டுக்குள் ஊதுவத்திப் புகைபோல் சூடு ஏறியது. ஃபேன் ஓடியும், வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் வர 9:20 ஆயிற்று. விளிம்பு இறுகிப் பட்டைகளுக்குள் முடிச்சுகள் பிரிந்து தெரியத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் காவலாளி சாவியோடு வந்து நின்றார். “சார், மணி பத்தாச்சு.”

ஆடியைக் குறை சொல்லாதீர்கள், ஆடிகளை நேர்ப்படுத்தும் கொலிமேஷன் திருகுகளைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள், முதலில் ஆறவிடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாயிற்று. 0.58 விகலை பிரிக்க வல்ல ஆடி, தன் மேலேயே மிதக்கும் சூட்டுப் படலத்தால் பாதிக் கண்ணை இழக்கிறது. மேலைநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் வீடு சூடு, வெளி குளிர் என்றே வைத்து எழுதப்பட்டவை. நமக்கோ இரண்டு பக்கமும் இடி. மேல்தள அறையில் வைத்தால் சூடு. 24 டிகிரி ஏசி அறையில் வைத்தால், சென்னையின் ஈரக்காற்றில் மூடியைத் திறந்ததுமே ஆடி வியர்த்துவிடும். இரண்டுக்கும் மருந்து நேரம்தான். சிலியின் பரனால் மலையில் விஎல்டி தொலைநோக்கிக் கூடங்களைப் பகலிலேயே இரவின் வெப்பநிலைக்குக் குளிர்வித்து வைக்கிறார்கள். நாம் கேட்பது வெறும் இரண்டு மணி நேரம். அதைத்தான் பூட்டுகிறார்கள்.

அதே மாடியில் ஏசி வெளி யூனிட்டுகள் இரவு முழுக்க அனல் கக்குகின்றன. அவற்றுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. தீபாவளிக்கு ராக்கெட் விடக் கதவு நள்ளிரவு வரை திறந்தே கிடக்கிறது. ஒரு மனிதர் மாலையில் தன் குழாயருகே சும்மா உட்கார்ந்திருந்தால் மட்டும் பாதுகாப்பு கெட்டுவிடுமா? கதவு நேரத்தை மாற்றக் கேட்ட எங்கள் மனுவை மூன்று கூட்டங்களில் “அடுத்த முறை பார்ப்போம்” என்று தள்ளிவிட்டார்கள். படித்துப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

கோரிக்கை ஒன்றே: பொழுது சாயும்போது கதவைத் திறக்கட்டும். அதுவரை, மாலை 6 மணிக்கே குழாயைப் பால்கனியில் நிறுத்தி ஃபேனைப் போடுங்கள். ஏசி அறையிலிருந்து எடுப்பவர்கள் ஆடி வெதுவெதுப்பாகும்வரை மூடியைக் கழற்ற வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை ஆடியின் வெப்பத்தையும் காற்றின் வெப்பத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் மனுவுக்குப் பதிலாக அந்தத் தாள்களை மேசைமேல் வைப்போம்.