காத்திருப்புக்கு யார் விலை வைப்பது?

ஜூன் இறுதியில் டென்மார்க்கின் ரோஸ்கில்டே ராக் இசைவிழாவுக்குச் செல்லும் நாளை எதிர்நோக்கியிருக்கிறேன். எட்டு நாள்கள் கூடார வாழ்க்கை. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. இரவு பத்து மணிக்கும் மங்காத வடபுலக் கோடை வெளிச்சத்தில், முன்பின் அறியாத பல்லாயிரம் பேருடன் நின்று கித்தார் முழக்கத்தைக் கேட்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. ஆனால், இந்த ஆவல் இன்று பெருமூலதனம் விலை வைக்கும் சரக்காகவும் மாறிவிட்டது என்பதுதான் கவலைக்குரியது.

கோடை இசைவிழாக்கள் ரசிகர்களின் முன்பணத்தால் இயங்குபவை. பாடுவோர் யார் என்று முழுமையாகத் தெரியும் முன்பே சீட்டுகள் விற்றுத் தீர்கின்றன. 1970-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா தொடங்கியபோது நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு. பண்ணைப் பால் இலவசம். 2025 விழாவுக்கோ 373.50 பவுண்டு. அப்படியும் சீட்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தன. இத்தகைய வேட்கையைக் கண்ட சந்தை சும்மா இருக்குமா?

2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் குழுவின் மறுவருகை நிகழ்ச்சிகளுக்கு, தேவை கூடக்கூட விலையும் ஏறும் முறையில் சீட்டுகள் விற்கப்பட்டது பிரிட்டனில் பெரும் சர்ச்சையானது. அதே ஆண்டு மே மாதம், நிகழ்ச்சி அமைப்பிலும் சீட்டு விற்பனையிலும் கோலோச்சும் லைவ் நேஷன் நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதித் துறை ஏகபோகத் தடுப்பு வழக்குத் தொடுத்தது. ஐரோப்பாவின் பல விழாக்களை நடத்தும் சூப்பர்ஸ்ட்ரக்ட் குழுமத்தையும் கேகேஆர் என்னும் முதலீட்டு நிறுவனம் 2024-இல் வாங்கியது. விழாக்களின் பெயர்கள் பல, உரிமையாளர்கள் சிலர்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1971-இல் தொடங்கிய ரோஸ்கில்டே விழாவை அடுத்த ஆண்டு முதல் லாப நோக்கற்ற அமைப்பே நடத்துகிறது. உபரி வருவாய் பண்பாட்டு, சமூகப் பணிகளுக்கு நன்கொடையாகச் செல்கிறது. சுமார் 1,30,000 பேர் கூடும் அங்கே ஏறத்தாழ 30,000 பேர் தன்னார்வலர்கள். பணம் இல்லாத இளைஞர் உழைப்பைக் கொடுத்து உள்ளே வர வழியிருக்கிறது.

இது கூலியற்ற உழைப்பல்லவா என்ற கேள்வி நியாயமானது. லாபநோக்கின்மை மட்டுமே பாதுகாப்பைத் தந்துவிடாது என்பதும் உண்மை. 2000-ஆம் ஆண்டு பேர்ல் ஜாம் குழு இசைத்தபோது நெரிசலில் ஒன்பது பேர் இறந்தது இதே ரோஸ்கில்டேயில்தான். எனினும், ஒரு வேறுபாட்டை மறுக்க இயலாது: உபரி எங்கே போகிறது என்று கேட்க இங்கே ரசிகருக்கு இடமிருக்கிறது.

சீட்டுகளை அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைச் சட்டவிரோதமாக்கப்போவதாக 2025 நவம்பரில் பிரிட்டன் அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்க முடிவு, ஆனால், பாதித் தீர்வு மட்டுமே. கள்ளச்சந்தையைக் கட்டுப்படுத்திவிட்டு, முதல் விற்பனையிலேயே விலையை விருப்பம்போல் ஏற்ற அனுமதித்தால், லாபம் கைமாறுமே தவிர ரசிகரின் சுமை குறையாது. கட்டணங்கள் அனைத்தும் அடங்கிய விலை தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். வரிசையில் நிற்கும்போதே அது மாறக் கூடாது. விழாக்கள் ஓரிரு கைகளில் குவிவதையும் போட்டி ஆணையங்கள் ஆராய வேண்டும்.

கிளாஸ்டன்பரி விழா 2026-இல் நடக்காது. பண்ணை நிலம் தேறுவதற்காக அளிக்கப்படும் ஓய்வு ஆண்டு இது. புல் மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக ஒரு கோடையின் வருவாயைத் துறக்கும் முடிவு, காலாண்டு லாபக் கணக்கில் எளிதில் அடங்காது. நிலத்துக்குக் காட்டும் இந்தப் பொறுமையை, சேமித்த பணத்தோடு காத்திருக்கும் இளைஞர்களுக்கும் இசைத் தொழில் காட்ட வேண்டும். இன்று அவர்களை வாசலில் நிறுத்திவிட்டால், இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் புல்வெளியில் நின்று பாட்டுக் கேட்க யார் வருவார்கள்?