இது ரிப்பேர் இல்லை சார், அப்கிரேடு

"இது ரிப்பேர் இல்லை சார், அப்கிரேடு" என்றார் அந்த சர்வீஸ் அட்வைசர். நல்ல பிள்ளைதான். கழுத்தில் டை, கையில் டேப்லெட், வார்த்தைக்கு வார்த்தை சார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, கெட்டுப்போனதைச் சரிசெய்து தர முடியுமா, முடியாதா?" அதற்குத்தான் இந்தப் பதில். பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுப் புதிய மாடல் கம்ப்யூட்டர் வைக்க வேண்டுமாம். விலை 1,38,000 ரூபாய். சாமான் வர மூன்று மாதம் ஆகலாம். வராமலும் போகலாம்.

நான் 33 வருஷம் புதுவை அரசில் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு விஷயத்துக்கு அழகான பேர் வைத்தால், அதற்குப் பின்னால் யாரோ கை கழுவிக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் பழக்கமான சங்கதி. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கார் என் மகன் 2020ல் சென்னையில் வாங்கியது. பச்சை நம்பர் பிளேட் போட்ட மின் கார். அவன் வேறு பெரிய வண்டி வாங்கியபோது இதைக் குமராட்சிக்குக் கொண்டுவந்து எங்களிடம் விட்டான். ரிட்டயர் ஆனபின் மனைவியின் ஊரான இங்கேயே நாங்கள் தங்கிவிட்டோம். மாதம் ஒருமுறை அவளைச் சிதம்பரத்தில் டாக்டரிடம் காட்ட வேண்டும். பஸ்ஸில் ஏற அவள் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. இரவு வீட்டுப் பிளக்கில் சொருகினால் காலையில் தயார். சத்தமில்லை, புகையில்லை. இன்றைக்கும் மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது. டயர், பிரேக் எல்லாம் சரி.

கெட்டது நடுவில் இருக்கும் திரை மட்டும். முதலில் மெதுவானது. பிறகு ஓடும்போதே அணைந்து தானாக எழுந்தது. கடைசியில் ஒரு சித்திரை மாதம் ஒரேயடியாகக் கறுத்துவிட்டது. பாட்டுக் கேட்கத்தானே அது, போகட்டும் என்று இருந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஏ.சி.யைப் போடுவதும் குறைப்பதும் அந்தத் திரையில்தான். பின்பக்கக் கேமராவும் அதில்தான். எத்தனை சதவீதம் சார்ஜ் ஏறியதும் நிற்க வேண்டும் என்று வைப்பதும் அதில்தான். கத்திரி வெயிலில் எழுபதைத் தொட்ட மனைவியை ஏ.சி. இல்லாமல் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். முழுதாகத் திரும்பிப் பார்க்க முடியாது. கேமரா பார்த்தே பின்னால் எடுத்துப் பழகியவன். ஒருநாள் வாசலிலிருந்து வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறேன், திண்ணையிலிருந்து மனைவி "நிறுத்துங்க!" என்று அலறினாள். பக்கத்து வீட்டுக் குழந்தை காருக்குப் பின்னால் குந்தி மண் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. நாலடி இருக்கும். இறங்கிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவன் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கேமராவை நம்பாமல் இறங்கிப் பார்த்திருக்க வேண்டியது என் கடமை, அதை மறுக்கவில்லை. ஆனால் கேமரா வைத்துக் கொடுத்தவனுக்கும் கடமை உண்டு அல்லவா?

சிதம்பரத்தில் செல்போன் சர்வீஸ் செய்யும் ஒரு தம்பி அந்த யூனிட்டைக் கழற்றிப் பார்த்தான். நகக்கண் அளவு கறுப்புச் சில்லு ஒன்றைக் காட்டினான். "மெமரி போயிடுச்சு ஐயா. போன்ல தினம் இதைத்தான் மாத்துறேன். சில்லு விலை சில ஆயிரம்தான். ஆனா கம்பெனி சாஃப்ட்வேர் வேணும், அவங்க சர்வர்ல பதியணும். அதுக்கு நமக்கு வழி இல்ல."

அந்தச் சில்லு ஏன் சாகிறது என்று அவன் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. ஆபீஸில் பென்சிலால் எழுதும் ரிஜிஸ்டர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதினால் என்ன ஆகும்? ஒருநாள் தாள் கிழியும். ஃபிளாஷ் மெமரியும் அப்படித்தான். இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. காரின் கம்ப்யூட்டரோ தன் நடவடிக்கைகளை எல்லாம் ஓயாமல் குறிப்பெழுதிக்கொண்டே இருக்கிறது. யாரும் படிக்காத குறிப்புகள். எழுதி எழுதியே தாள் கிழிகிறது.

என் வண்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. அமெரிக்காவில் பெரிய வழக்காகவே நடந்தது. டெஸ்லா கம்பெனி 2012 முதல் 2018 ஆரம்பம் வரை செய்த மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் 8 ஜிபி மெமரி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய 3,000 தடவை அழித்து எழுதலாம். தினசரி ஓட்டத்தில் அது ஐந்தாறு வருஷத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் திரை கறுக்கும், பின்பக்கக் கேமரா போகும், கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் வசதியும் போகும். 2021 ஜனவரியில் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை, சுமார் 1,58,000 கார்களைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதம் சுமார் 1,35,000 கார்களுக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 64 ஜிபி மெமரி கொண்ட பலகையை இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

ஒப்புக்கொண்ட விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். இது குறைபாடே இல்லை, இப்படிப்பட்ட பாகம் காரின் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று எதிர்பார்ப்பது கட்டுப்படியாகாது என்று வாதாடிவிட்டுத்தான் சம்மதித்தார்கள். அதற்கு முன்பே 2020ல் அதே பழைய கார்க்காரர்களுக்கு ஒரு "அப்கிரேடு" விற்றார்கள். விலை 2,500 டாலர். முழுக் கம்ப்யூட்டரையும் மாற்றுவார்கள். அதை வாங்கினால் முதலில் காரிலிருந்த எஃப்.எம். ரேடியோ போய்விட்டது! ரேடியோ வேண்டுமென்றால் இன்னும் 500 டாலர். காசு கொடுத்து உயர்த்திக்கொண்டவனுக்கு இருந்ததும் போன கதை.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதாவது என் வண்டி 2035 வரை ரோட்டில் ஓடலாம் என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. பேட்டரிக்கு 8 வருஷம் வாரண்டி என்று பெரும்பாலான கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. பேட்டரியை எப்போது மாற்ற வேண்டிவரும் என்றுதான் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். அது குத்துக்கல்லாக இருக்கிறது. நகக்கண் அளவு சில்லு ஐந்தரை வருஷத்தில் போனது. யாரும் அதைப்பற்றிக் கேட்கவும் இல்லை, விற்றவர் சொல்லவும் இல்லை.

இதில் ஊர்ப் பணமும் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின் வண்டிக்கு ஜி.எஸ்.டி.யை 12லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்போது பெட்ரோல் காருக்கு 28 சதவீதம், அதற்கு மேல் செஸ் வேறு. ஏன் இந்தச் சலுகை? காற்று கெடக் கூடாது என்று. நியாயம்தான். ஆனால் ஒரு சில்லுக்காக ஒரு முழுக் காரை ஓரங்கட்ட வைத்தால் மிச்சப்பட்டது என்ன? இரும்பு, செம்பு, லித்தியம் எல்லாம் வெட்டி எடுத்துச் செய்த வண்டி அது. புகை வராத குப்பையும் குப்பைதான்.

எதிர்ப்பக்கம் சொல்வதையும் கேட்டேன். "செல்போனை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறீங்களே சார்?" மாற்றுகிறேன். ஆனால் செல்போன் பத்து லட்சம் ரூபாய் இல்லை. செல்போனைப் பின்னால் எடுத்துக் குழந்தை மேல் ஏற்றிவிட முடியாது. "யார் வேண்டுமானாலும் யூனிட்டை மாற்றலாம் என்றால் திருடர்களுக்குக் கொண்டாட்டம்." இது சரியான வாதம். பூட்டு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குப் பூட்டுப் போட்ட கொல்லன் சாவியைத் தானே வைத்துக்கொள்வதில்லை. கார் யாருடையது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவிருக்கிறது. ஆர்.சி.யையும் ஆதாரையும் காட்டும் உரிமையாளருக்குப் பூட்டைத் திறந்துவிடுங்கள். இதையேதான் கம்பெனிக்கு மெயிலில் கேட்டேன். கொள்கைப்படி இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சுக்காரன் போனபிறகும் சில பள்ளிக்கூடங்களில் அந்தப் படிப்பு நீடித்தது. அதனால் உத்தியோகத்தில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வயதில் ஒரு லாபம், பிரெஞ்சுப் பத்திரிகைகள் படிக்க முடிகிறது. அவர்களிடம் "ஒப்சொலெசான்ஸ் புரொகிராமே" என்று ஒரு சொல் உண்டு. சீக்கிரம் பயனற்றுப் போகும்படி முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்வது என்று அர்த்தம். 2015ல் அதைக் குற்றமாகவே ஆக்கினார்கள். இரண்டு வருஷம் வரை சிறை, 3,00,000 யூரோ அபராதம். 2017 முதல், பழைய வண்டியிலிருந்து எடுத்த நல்ல உதிரிபாகத்தைப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பையும் கராஜ்காரர் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று விதி வந்தது. 2021 ஜனவரி முதல் செல்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின் போன்றவற்றின் மேல், எவ்வளவு எளிதில் ரிப்பேர் செய்யலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டியாக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக்காரனைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. நான் பார்த்த பிரெஞ்சு ஃபைல்களில் சிவப்பு நாடாவுக்குக் குறைவில்லை. ஆனால் நல்லதை யார் செய்தாலும் நல்லதுதான்.

நம் நாட்டிலும் தொடங்காமல் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, ரிப்பேர் செய்யும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நாலு துறைகள். அந்த டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தார்கள். 2025 மே மாதம் ரிப்பேர் மதிப்பெண் பற்றிய அறிக்கையும் வந்தது. ஆனால் அது செல்போன், எலக்ட்ரானிக் சாதனங்களோடு நின்றுவிட்டது. ஐயா, இன்றைய கார் எலக்ட்ரானிக் சாதனம் இல்லாமல் வேறென்ன?

என் கோரிக்கை நாலுதான். ஒன்று, ஆர்.சி. 15 வருஷம் என்றால், கம்ப்யூட்டரின் உதிரிபாகமும் சாஃப்ட்வேரும் 15 வருஷம் கிடைக்க வேண்டும். இரண்டு, சில்லு போனால் சில்லை, பலகை போனால் பலகையைத் தனியாக விற்க வேண்டும். உரிமையாளர் சொல்லும் எந்த மெக்கானிக்கும் அதை மாட்டிப் பதிவு செய்ய வழி வேண்டும். மூன்று, ஏ.சி.க்கும் பின்பக்கக் கேமராவுக்கும் அந்தத் திரையை நம்பியிருக்கும் நிலை கூடாது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் இல்லாவிட்டால் 2026 முதல் முழு மதிப்பெண் தராது. நாமும் அந்த வழியில் போகலாம். நாலு, கம்ப்யூட்டருக்கு எத்தனை வருஷம் பொறுப்பேற்கிறோம் என்பதை விற்கும்போதே விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அச்சடிக்க வேண்டும்.

அதிகம் கேட்கிறேனா? எங்கள் ஆபீஸில் ஒரு ரெமிங்டன் டைப்ரைட்டர் இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே வந்தது. ரிப்பன் தீர்ந்தால் ரிப்பன் மாற்றினோம். எழுத்து உடைந்தால் மெக்கானிக் வந்து அந்த ஓர் எழுத்தை மட்டும் பற்றவைத்தார். "க" உடைந்துவிட்டது, புது மிஷின் வாங்குங்கள் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஆடிட்டில் மாட்டியிருப்பார். இங்கே குமராட்சியில் பம்புசெட் மோட்டார் எரிந்தால் காயில் கட்டி மறுநாள் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஊருக்கே தெரிந்த இந்த நியாயம் காருக்கு மட்டும் ஏன் இல்லை?

இப்போது என் கார் எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். அந்தச் சிதம்பரத்துத் தம்பி 2,800 ரூபாய்க்குத் தனியாக ஒரு சின்னக் கேமராவும் உள்ளங்கை அளவு திரையும் வாங்கி மாட்டிக் கொடுத்தான். பின்னால் நிற்பது தெளிவாகத் தெரிகிறது. கம்பெனி 1,38,000 கேட்ட இடத்தில் குழந்தையைக் காப்பாற்ற 2,800 போதுமாக இருந்தது. ஆனாலும் இப்போதெல்லாம் நான் இறங்கி ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். ஏ.சி. மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. மனைவி பனை விசிறி எடுத்துக்கொண்டு ஏறுகிறாள். "என்னங்க, இதுக்கும் அப்கிரேடு வருமா?" என்று கேட்டாள் போன வாரம்.

மின் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஷோரூமில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு, இந்தத் திரை கெட்டால் யார், எத்தனை வருஷம் வரை, என்ன விலைக்குச் சரிசெய்வார்கள் என்பதையும் கேளுங்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள். எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்குங்கள். குமாஸ்தா புத்தி என்று சிரித்தால் சிரிக்கட்டும்.