அறிந்து எதிர்ப்போம்! அறிந்து ஆதரிப்போம்!

குற்றாலத்துக்கு நீர் தரும் அதே மலைத்தொடரில், வடக்கே தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய்.

'அமெரிக்காவிலிருந்து கற்றை பாய்ச்சுவார்கள், ஊரே அழியும்' என்று மேடைகளில் பேசினார்கள். நம் கடைவீதிகளிலும் அதுவே பேச்சு. உண்மை என்ன?

புரோட்டான்களை முடுக்கிக் கிராஃபைட் கட்டியில் மோதவிட்டால் பையான்கள் பிறக்கும். காந்தக் கொம்புகள் அவற்றை ஒருமுகப்படுத்தும். நீண்ட குழாயில் அவை சிதையும்போது நியூட்ரினோ கற்றை கிடைக்கும். ஜப்பானில் டோக்காயிலிருந்து 295 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கமியோக்காவுக்கு இப்படித்தான் அனுப்புகிறார்கள். தேவையான ஆற்றல் கிடைக்க, வேண்டுமென்றே 2.5 பாகை விலக்கி அனுப்புகிறார்கள். வழியில் எந்த ஊரும் அழியவில்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் விரல் நகமளவு இடத்தில் நொடிக்கு 6,500 கோடி பாய்கின்றனவே, தெரிகிறதா?

அப்படியானால் அச்சமே வேண்டாமா? வேண்டும், சரியான இடத்தில்! மலையைக் குடைவது, பாறையை வெடிப்பது, புலிகளின் வழித்தடம், நீரூற்று: இவை நியாயமான கேள்விகள். 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வைத்த ஆட்சேபமும் காட்டைப் பற்றியதே.

வணிகச் சகோதரரே! எடை பார்க்காமல் சரக்கு வாங்குவீர்களா? செய்தியை மட்டும் ஏன் வாங்குகிறீர்கள்? இளைஞனே! 1965இல் கோலார் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டவர்களில் இந்தியரும் உண்டு. பாஸ்போர்ட் எடுக்கக் காட்டும் அக்கறையை இயற்பியல் படிப்பிலும் காட்டு. கேள்வி கேட்கும் தகுதி அப்போதுதான் வரும். சிந்திப்பீர்!