தோலும் கிருமியும் தீட்டும்

மாட்டுத் தோலைத் தொட்டவன் தீட்டு என்று சொல்லுகிற பெரியமனிதர், அதே தோலில் செய்த செருப்பைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடக்கிறார். அது ஒருபுறமிருக்கட்டும். அந்தத் தோல் செருப்பாகிறதற்குள் யார் யார் பாடு என்ன ஆகிறது என்பதே இன்று நாம் சொல்ல வந்த விஷயமாகும்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்து டேனரிகளில், மயிரை நீக்குவதற்குப் பச்சைத் தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தண்ணீரில் ஊறவைப்பது நெடுநாள் வழக்கம். மயிர் கரைந்து கூழாகி அத்தண்ணீரிலேயே கலந்துவிடும். அந்தக் கழிவில் அமிலம் சேர்ந்தால் கிளம்பும் விஷவாயு, தொட்டிக்குள் இறங்கினவனைச் சில மூச்சுக்குள் சாய்த்துவிடக் கூடியது. பாலாறும் கிணறுகளும் கெட்ட வழக்கில், அசுத்தம் செய்தவனே செலவு கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பாகி 18 வருஷத்திற்கு மேல் ஆன பின்பு, 2015 ஜனவரி 31-ந் தேதி, இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் படுத்துறங்கின 10 தொழிலாளிகள் அந்தச் சேற்றில் மாண்டார்கள்.

வேறு வழியில்லை என்று யாராவது சொல்வார்களேயானால் அது முழு உண்மையல்ல. இராத்திரி அரைத்த மாவு காலையில் புளித்துப் பொங்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் வேலை. அக்கிருமிகளின் ஆயுதத்திற்கு நொதி என்று பெயர். மண்ணில் வாழும் பாசில்லஸ் வகைக் கிருமிகளிடம் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. அதைத் தோலுக்கு இட்டால் மயிர்க்கால் தளர்ந்து, மயிர் கரையாமல் முழுசாகக் கழன்று வரும், வடிகட்டி எடுத்துவிடலாம். சல்பைடும் வெகுவாய்க் குறையும். 1948-ல் ஏற்பட்ட சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வழியில் நெடுங்காலமாய் உழைத்து வருகிறார்கள். குறையில்லை என்று நாம் சொல்லவரவில்லை. பக்குவம் தப்பினால் நொதி தோலையே அரித்துவிடும். பின்னால் சேரும் குரோமியத்தையும் உப்பையும் அது போக்காது.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் தோலை மெதுவாக்க நாய் மலத்தைத்தான் கலக்கினார்கள். அதில் வேலை செய்தது நொதியே என்று கருதி, ஜெர்மனியில் ஆட்டோ ரோம் என்பவர் 1907-ல் மிருகங்களின் கணையத்து நொதியை அதற்குப் பதிலாக்கினார். மலம் ஒழிந்தது, தோல் கெட்டுவிடவில்லை.

இவ்வித்தை தோலோடு நிற்கவில்லை. 1885-ல் எஷெரிக் என்ற டாக்டர் குழந்தைகளின் மலத்தில் கண்ட ஈ.கோலை என்னும் கிருமியிலிருந்து அஸ்பாரஜினேஸ் என்ற நொதியை எடுத்து, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஊசியாய்ப் போடுகிறார்கள். அஸ்பாரஜின் என்ற சத்தை நோய்ப்பட்ட அணுக்கள் போதிய அளவு தாமே செய்துகொள்ள முடியாமல், இரத்தத்திலிருந்து எடுத்தே பிழைக்கின்றன. நொதி அதைச் சிதைத்துவிட, அவை பட்டினியால் சாகின்றன. எந்த ஜாதிக் குழந்தைக்கும் இதே ஊசிதான். மலத்தில் கண்ட கிருமியின் சரக்காயிற்றே, தீட்டு என்று எந்தத் தகப்பனாவது வேண்டாமென்பாரா?

டேனரிக்கு மட்டும் ஏன் தயக்கம் என்றால், சுண்ணாம்பும் சல்பைடும் மலிவு என்கிறார்கள். யாருக்கு மலிவு? கெட்டுப்போன கிணற்றையும் செத்த கூலியாளையும் அந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்களா? சிறு டேனரிக்காரர்களுக்கு நொதி வாங்கக் கடனும், பக்குவம் கற்பிக்க ஆட்களும் சர்க்கார் கொடுக்கட்டும். பெரிய ஏற்றுமதிக்காரர்கள் தங்கள் லாபத்திலிருந்தே செய்யட்டும்.